மஹாகவி நூற்றாண்டுச் சிறுகதைப் போட்டி: அறிவித்தல் வரைவு, பார்த்துத் திருத்தித் தாங்கோ

வாசிகசாலை எழுதியது:

வணக்கம். 2027 ஜனவரி 9ஆம் திகதி ஈழத்துக் கவிஞர் மஹாகவி பிறந்து நூறு வருசம். அவர் பிறந்த யாழ்ப்பாணத்து அளவெட்டியிலை எங்கடை சனசமூக நிலையம் அண்டைக்கு ஒரு சிறுகதைப் போட்டிப் பரிசளிப்பை வைக்கிறதெண்டு பொதுக்கூட்டத்திலை முடிவாகியிருக்கு. நாள் சனிக்கிழமை. மண்டபம் எங்கடைதான். காசும் ஓரளவுக்குச் சேர்ந்திட்டுது, வெளிநாட்டிலை இருக்கிற ஊர்ச்சனம் தருகினம். ஆனால் போட்டி நடத்திப் பழகின ஆள் நிர்வாகத்திலை ஒருத்தரும் இல்லை.

வரைவு இதுதான்:

தலைப்பு: மஹாகவி நூற்றாண்டுச் சிறுகதைப் போட்டி. கருப்பொருள்: மஹாகவியின் பெருமை அல்லது எமது மண்ணின் பெருமை. 2,000 சொற்களுக்கு மேற்படக்கூடாது. சாதி, சமயம், அரசியல் சார்ந்த கதைகள் நிராகரிக்கப்படும். முடிவுத் திகதி 2026 டிசெம்பர் 10. தபால், மின்னஞ்சல், வட்ஸ்அப் எதிலும் அனுப்பலாம். கதைகளின் உரிமை நிலையத்துக்கே உரியது. நடுவர் மூவர்; கரு 25, நடை 25, பாத்திரம் 25, மொழி 25 எனப் புள்ளி; கூட்டுப்புள்ளி கூடியவருக்கு முதற்பரிசு. நடுவர் தீர்ப்பே இறுதியானது. பரிசுக் கதைகள் அன்றே நூலாக வெளியிடப்படும்.

இன்னொரு கேள்வி. கவிஞருக்கு ஏன் சிறுகதைப் போட்டி, கவிதைப் போட்டியெல்லோ வைக்கவேணும் எண்டு நிர்வாகத்திலை ஒருவர் விடாப்பிடியாய் நிக்கிறார். அவருக்கு என்ன சொல்லுறது?

---

நாற்சார் எழுதியது:

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். மஹாகவி கவிதையில் கதை சொன்னவர். ‘கண்மணியாள் காதை’, ‘ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்’ இரண்டும் கதை ஓடுகிற நெடும்பாட்டுகள். ‘கோடை’ பா நாடகம், ஆட்கள் வந்து நின்று கதைக்கிற எழுத்து. மற்றது, கவிதைப் போட்டி என்று அறிவித்தால் முந்நூறு வாழ்த்துப்பா வரும், அதில் எதை முதலாவதாக எடுப்பது என்று நடுவர் தலையைப் பிய்ப்பார். உங்கள் நிர்வாகத்தவர் சமாதானமாகாவிட்டால் பரிசளிப்பு அன்று காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு குறும்பாப் போட்டி வையுங்கள். அந்த ஐந்தடி வடிவத்தைத் தமிழில் ஊன்றியவரே அவர்தான். ஒரு மணித்தியாலம் போதும், தாளும் பென்சிலும் போதும்.

தலைப்பில் பெயரை முழுதாகப் போடுங்கள்: மஹாகவி (து. உருத்திரமூர்த்தி, 1927–1971). வெறும் ‘மஹாகவி’ என்று இணையத்தில் விட்டால் தமிழ்நாட்டு வாசகருக்கு அது பாரதிதான். எட்டயபுரத்தைப் பற்றி எழுதிய கதைகள் அளவெட்டிக்கு வந்து சேரும். அனுப்பியவரில் பிழையில்லை.

கருப்பொருளை எடுத்துவிடுங்கள். ‘மஹாகவியின் பெருமை’ என்று கேட்டால் கட்டுரை வரும், இடையிடையே மேற்கோள் குறிக்குள் இரண்டு வசனம் இருக்கும், அவ்வளவுதான். ‘மண்ணின் பெருமை’ இன்னும் மோசம். பனை, கிடுகு வேலி, பதுங்குகுழி, கனடாவிலிருந்து வந்த மகன், கிணற்றடியில் நின்று அழுகிற தாய்: இந்த ஐந்தும் அறுபது கதையில் நாற்பதில் இருக்கும். முப்பதாவது கதையை வாசிக்கும்போது நல்லாய் எழுதியதும் நடுவருக்குச் சலிப்பாகிவிடும். அதனால் நல்ல எழுத்தாளருக்குத்தான் நட்டம்.

ஏதாவது ஒரு பிடி வேண்டுமென்றால் கருவைக் கட்டாமல் ஆளைக் கட்டுங்கள். “கதையின் மைய மனிதர் ஏதேனுமொரு தொழில் செய்பவராக இருக்கவேண்டும், அந்தத் தொழில் கதைக்குள் நடக்கவேண்டும்.” இந்த ஒரு நிபந்தனை போதும். புகையிலைக்கு இறைப்பவர், தவில் வார் பிடிப்பவர், மினிபஸ் நடத்துநர், வங்கிக் காசாளர், ரொறன்ரோவில் பீட்சா போடுபவர் எல்லாரும் அடங்குவர். சாதாரண ஆளை எழுதியவருக்குப் பொருத்தமான போட்டி அதுதான். எழுதுபவரும் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடாமல் கையால் செய்கிற ஒரு காரியத்தைப் பார்த்து எழுதவேண்டி வரும்.

இனி அந்த நிராகரிப்பு விதி. தேர் வடம் பிடிக்க ஆசைப்பட்டு வந்த ஒருவனைச் சாதி சொல்லி அடித்து விழுத்துவதுதான் ‘தேரும் திங்களும்’ கவிதை. மனிதன் சந்திரனைத் தொட்ட காலத்தில் ஊர்த் தேர்வடத்தைத் தொட முடியவில்லை என்று எழுதியவர் மஹாகவி. உங்கள் விதிப்படி அவரே அவருடைய போட்டியில் நிராகரிக்கப்படுவார். அந்த வரியை வைத்துக்கொண்டு அவர் பெயரில் போட்டி நடத்துவதிலும் பார்க்க நடத்தாமலே விடலாம்.

நிர்வாகத்தின் பயம் விளங்குகிறது. ஊரில் உயிரோடு இருக்கிற ஒருவரைப் பெயர் மாற்றிப் போட்டு ஏசுகிற கதை வரத்தான் செய்யும். அதற்குத் தனி விதி எழுதுங்கள்: “உயிரோடுள்ள தனிநபரை அடையாளம் காணத்தக்கதாக இழிவுபடுத்தும் கதைகள் ஏற்கப்படமாட்டா.” உங்களுக்குத் தேவை இவ்வளவுதான்.

---

அச்சுக்கோப்பு எழுதியது:

நாற்சார் சொன்னது முழுதும் சரி. நான் கதை வந்து சேருகிற வேலையைப் பற்றிச் சொல்லுறன், ஏனெண்டால் போட்டிகள் முதலிலை சிக்குப்படுகிறது அங்கைதான்.

திகதி. டிசெம்பர் 10 முடிவு, ஜனவரி 9 பரிசு எண்டால் நடுவிலை முப்பது நாள். அதுக்குள்ளை திருவெம்பாவை, நத்தார், வருசப்பிறப்பு. அறுபது கதை வந்தால், கதைக்குப் பத்து நிமிசம் பிடிச்சாலும் ஒரு தரம் வாசிக்கவே பத்து மணித்தியாலம். நல்ல நடுவர் இரண்டு தரம் வாசிப்பார். வேலைக்குப் போற ஆளுக்கு இது மூண்டு நாலு கிழமை. அதோடை அண்டைக்கே புத்தகமும் எண்டால் டிசெம்பரிலை அச்சகங்கள் கலண்டர், டயறி வேலையிலை நிக்கும், உங்கடை புத்தகம் மேசைக்குக் கீழை கிடக்கும்.

நான் போடுறது இப்பிடி: யூலை கடைசியிலை, நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்குக் கொடியேற முந்தி அறிவித்தல். கொடியேறினால் இருபத்தைஞ்சு நாளைக்கு இஞ்சை ஒருத்தரும் வேறை ஒண்டும் வாசியாயினம். முடிவு 2026 செப்ரெம்பர் 30 புதன்கிழமை இரவு 11.59, இலங்கை நேரம். ‘நள்ளிரவு 12’ எண்டு எழுதாதேங்கோ, அது எந்த நாள் நள்ளிரவு எண்டு லண்டனிலையிருந்து கேட்பினம். தபாலுக்கு ‘அண்டைக்குக் கிடைக்கவேணும்’ எண்டு போடுங்கோ; முத்திரைத் திகதி பார்க்கிறதெண்டு போட்டால் ஒக்ரோபர் நடுவிலையும் உறை வந்துகொண்டிருக்கும். ஒக்ரோபர் வடிகட்டல், நவம்பர் நடுவர், டிசெம்பர் முதற்கிழமை முடிவு. பரிசு ஜனவரி 9. புத்தகத்தை 2027 யூன் 20க்குத் தள்ளுங்கோ. அது மஹாகவி மறைந்த நாள், ஞாயிற்றுக்கிழமையாயும் வருது.

நீளம். 1,500 சொல்லுக்கு இறக்குங்கோ. பத்து வீதம் கூடினால் பரவாயில்லை எண்டும் எழுதிவிடுங்கோ. தமிழிலை சொல் எண்ணுறது இழுபறி. ‘வந்துகொண்டிருந்தான்’ எண்டு சேர்த்தால் ஒண்டு, பிரிச்சால் இரண்டு. ஒரே கதை இரண்டு ஆளின்ரை கையிலை நூறு நூற்றைம்பது சொல் வித்தியாசப்படும். கையெழுத்திலை அனுப்புற ஆக்களுக்குச் சொல்லுக்கணக்குச் சொல்லாமல் ‘புல்ஸ்கப் தாளில் ஒரு பக்கம் மட்டும், 9 பக்கத்துக்குள்’ எண்டு போடுங்கோ, கிட்டத்தட்ட அதே நீளம்தான்.

எழுத்துரு. இதிலைதான் எல்லாரும் விழுகிறது. இஞ்சை பாதிப்பேர் இன்னும் பாமினியிலைதான் அடிக்கினம். அந்த எழுத்துரு இல்லாத கணினியிலை திறந்தால் கதை முழுக்க ஆங்கில எழுத்தாய்க் கிடக்கும், குற்று வாற இடமெல்லாம் அரைப்புள்ளி நிக்கும். எழுத்துரு மாற்றிச் செயலியிலை போட்டு யூனிகோட்டுக்குக் கொண்டுவரலாம். ஆனால் கொண்டுவந்த உடனை நடுவருக்கு அனுப்பாதேங்கோ. பாமினியிலை காற்புள்ளி விசையிலை ‘இ’ இருக்கு. எழுதினவர் இடையிலை காற்புள்ளியை வேறை எழுத்துருவாலை போட்டிருந்தால் மாற்றினாப் பிறகு ‘அம்மாஇ அப்பாஇ தங்கச்சி’ எண்டு வரும். கதைக்குள்ளை ஆங்கிலச் சொல் இருந்தால் அதுவும் வாயிலை நுழையாத தமிழாய் மாறியிருக்கும். இதைப் பார்க்காத நடுவர் ‘மொழி’க்கு உள்ள புள்ளியை வெட்டிப்போடுவார், எழுதினவன் ஒரு பிழையும் செய்திருக்கமாட்டான். ஒரு கதைக்குப் பதினைஞ்சு நிமிசம், மூலத்தையும் மாற்றினதையும் பக்கத்திலை வைச்சு ஓராள் ஒப்புநோக்கவேணும்.

பிடிஎப் மட்டும் அனுப்பினால் ஏற்காதேங்கோ, வேர்ட் கோப்பும் கேளுங்கோ. பிடிஎப்பிலையிருந்து தமிழை வெட்டி எடுத்தால் கொம்பு இடம் மாறும், கால் தனிய நிக்கும். புத்தகம் போடேக்கை முழுக்கத் திரும்ப அடிக்கவேண்டி வரும்.

வட்ஸ்அப் வேண்டாம். அனுப்பினவரின்ரை படமும் பெயரும் கதையோடை சேர்ந்தே வருது. கேள்வி கேட்க மட்டும் அந்த இலக்கத்தை வைச்சிருங்கோ.

பெயர் மறைக்கிறது. கதைத் தாளிலை பெயர் இருக்கக்கூடாது. பெயர், விலாசம், தொலைபேசி எல்லாம் வேறை தாளிலை. இதை எவ்வளவு பெரிசாய் எழுதினாலும் பத்திலை இரண்டு பேர் கதைக்குக் கீழை பெயரைப் போட்டுத்தான் அனுப்புவினம். நிராகரியாதேங்கோ, பதிவு செய்யிற ஆள் அழிச்சுவிடட்டும். வேர்ட் கோப்பின்ரை ‘பண்புகள்’ பகுதியிலையும் எழுதினவரின்ரை பெயர் தானாய்ப் பதிஞ்சு கிடக்கும். கதையை மட்டும் எடுத்து வெறுங்கோப்பிலை ஒட்டி, எல்லாக் கதைக்கும் ஒரே எழுத்துரு, ஒரே அளவு வைச்சு அச்செடுத்தால் அந்தக் கரைச்சல் இல்லை. கையெழுத்துக் கதைகளையும் அடிப்பிக்கவேணும், ஊருக்குள்ளை கையெழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்லிப்போடுவினம். பத்துக் கதை எண்டால் 15,000 சொல். நிமிசத்துக்கு 25 சொல் அடிக்கிற பிள்ளைக்குப் பத்து மணித்தியால வேலை. அந்தக் கூலியை இப்பவே கணக்கிலை போடுங்கோ.

இலக்கம் குடுக்கேக்கை வந்த ஒழுங்கிலை 1, 2, 3 எண்டு குடுக்காதேங்கோ. ஒரு பள்ளிக்கூடத்திலையிருந்து பன்னிரண்டு கதை ஒண்டாய் வரும். 21 தொடக்கம் 32 வரை ஒரே வாத்தியாரின்ரை பிள்ளைகள் எண்டு மூண்டாவது கதையிலை பிடிபட்டுப்போகும். முடிவுத் திகதிக்குப் பிறகு எல்லாத்தையும் கலைச்சுப்போட்டு இலக்கம் போடுங்கோ. பெயரும் இலக்கமும் உள்ள கொப்பி ஒராளிட்டை. அவர் நடுவரும் இல்லை, கதை எழுதி அனுப்பினவருக்குச் சொந்தமும் இல்லை. அளவெட்டியிலை அப்பிடி ஒராளைத் தேடுறதுதான் கஷ்டம்!

---

மேசைவிளக்கு எழுதியது:

தீர்ப்பு முறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கூட்டுப்புள்ளி பிழையான முறை. மூன்று நடுவரும் ஒரே அளவுகோலால் அளக்கிறார்கள் என்று அது நினைத்துக்கொள்கிறது. அப்படி எங்கேயும் நடப்பதில்லை. கல்லூரியில் விடைத்தாள் திருத்திப் பழகியவர் 68க்கும் 72க்கும் இடையில் எல்லாவற்றையும் அடக்குவார். இன்னொருவர் பிடித்தால் 90, பிடிக்காவிட்டால் 55.

கணக்கைப் பாருங்கள். 14ஆம் இலக்கக் கதைக்கு மூவரும் 72, 71, 55. 27ஆம் கதைக்கு 70, 70, 60. 31ஆம் கதைக்கு 68, 69, 90. கூட்டினால் 198, 200, 227. முதற்பரிசு 31க்கு. ஆனால் இரண்டு நடுவர் அதைத்தான் மூன்றாவதாக வைத்திருந்தார்கள். அகலமாகப் புள்ளி போட்ட ஒருவர் மற்ற இருவரையும் வேண்டுமென்றே இல்லாமல் தோற்கடித்துவிட்டார். இதையே நிரைப்படுத்தி எண்ணுங்கள்: 14க்கு 1, 1, 3, மொத்தம் 5. 27க்கு 2, 2, 2, மொத்தம் 6. 31க்கு 3, 3, 1, மொத்தம் 7. குறைந்தது முதல். வரிசை தலைகீழாகிவிட்டது.

ஆகவே நடுவரிடம் புள்ளி கேட்காதீர்கள், நிரை கேளுங்கள். அறுபதையும் நிரைப்படுத்தச் சொல்ல முடியாது, அதற்கு முதல் வடிகட்டல் வேண்டும். ஒவ்வொரு கதையையும் இரண்டு முதல்வாசகர் தனித்தனியாக வாசித்து ‘மேலே’, ‘வேண்டாம்’ என்று மட்டும் எழுதட்டும். இருவரும் வேண்டாம் என்றால்தான் வெளியே. ஒருவர் மேலே என்றாலும் அது நடுவரிடம் போகும். இருபதளவில் நிற்கும். நடுவர் மூவரும் அந்த இருபதை வாசித்து தத்தமது முதல் எட்டை மட்டும் 1 முதல் 8 வரை நிரைப்படுத்தட்டும். ஒருவர் தொடாத கதைக்கு அவர் பக்கத்தில் 9. தாள்செலவும் குறையும். ஒரு கதை ஐந்து பக்கம் என்றால் அறுபதையும் மூவருக்குப் படியெடுக்க 900 பக்கம், இருபதுக்கு 300 போதும். முதல்வாசகர் இருவருக்கும் ஒரே கட்டை மாறிமாறிக் கொடுக்கலாம், ஓரத்தில் பென்சிலால் எழுதக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னால்.

25, 25 என்று நான்காகப் பிரிப்பதையும் விடுங்கள். ஒன்றிலும் பிழைவிடாத சோர்ந்த கதை நான்கிலும் 18 வாங்கி 72 எடுக்கும். எவருக்கும் மறக்காத ஒரு காட்சி உள்ள, ஆனால் முடிவில் இடறிய கதை 65இல் நிற்கும். மாணவர் பிரிவு வைத்தால் அங்கே அந்தப் பிரிப்பு பயன்படும், பிள்ளைக்கு எங்கே குறை என்று காட்ட.

நடுவருக்குக் கொடுக்கும் கடிதத்தில் ஒரு வரி கட்டாயம்: பேச்சுத்தமிழ் எழுத்துப்பிழை அல்ல. ‘எண்டு’, ‘உவன்’, ‘அவை வந்தவை’ என்று பாத்திரம் பேசினால் அது ஊர்ப்பேச்சு. பேச்சோசையைச் செய்யுளுக்குள் கொண்டுவந்தவரின் பெயரில் நடக்கிற போட்டியில் அதற்குச் சிவப்புக்கோடு இழுப்பது வெட்கக்கேடு. ல, ழ, ள தடுமாற்றம் வேறு விசயம், அது பிழைதான். ஆனால் அதையும் நூலாக்கும்போது திருத்தலாம், பரிசைத் தடுக்கத் தேவையில்லை.

நடுவராக யாரை எடுப்பது? ஊருக்கு வெளியிலிருந்து இருவராவது. மூவரும் கவிஞர்களாக இருக்கவேண்டாம், ஒருவர் எழுதாத, ஆனால் நிறைய வாசிக்கிற ஆளாக இருக்கட்டும். காசு தந்தவர் நடுவராக இருக்கக்கூடாது. மாணவரின் கதையைத் திருத்திக்கொடுத்த ஆசிரியரும் கூடாது. வாசிக்கத் தொடங்கியபின் ‘இது யாருடையது என்று எனக்குத் தெரியும்’ என்று நடுவர் சொன்னால், அந்தக் கதைக்கு மட்டும் அவர் விலகி, முதல்வாசகரில் ஒருவர் அந்த இடத்தை எடுக்கட்டும். இதை முன்கூட்டியே எழுதிவைத்தால் ஒருவருக்கும் மனத்தாங்கல் வராது.

---

நாற்சார் எழுதியது:

மேசைவிளக்கின் கணக்கு சரி, ஆனால் நிரை முறைக்கும் ஒரு நோய் உண்டு. மூவரும் இரண்டாவதாக வைத்த, எவரையும் தொந்தரவு செய்யாத கதை 6 எடுத்து நிற்கும்; இரண்டு பேர் முதலாவதாக வைத்து ஒருவர் ஏழாவதாக வைத்த கதை 9 எடுத்துப் பின்னால் போகும். தேர்வடக் கதை மாதிரி ஒன்று வந்தால் அதற்கு இந்தக் கதிதான் நேரும். நிரையை முடிவாக எடுக்காமல், முதல் நான்கு கதையைத் தெரிவுசெய்ய மட்டும் பாவியுங்கள். பிறகு மூவரும் ஒரு மேசையில், அல்லது சூமில், ஒரு மணித்தியாலம் அந்த நான்கைப் பற்றிக் கதைக்கட்டும். ஏழு போட்டவர் ஏன் போட்டார் என்று வாய்திறந்து சொல்லட்டும். ‘மொழி சரியில்லை’ என்றால் எந்தப் பந்தி என்று காட்டட்டும். அதன்பின் ஒரு தரம் திரும்ப நிரை போடட்டும். பெயர் திறப்பது அதற்குப் பிறகுதான்.

---

மேசைவிளக்கு எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். ஒரு திருத்தம்: அந்த நான்கோடு, எந்த நடுவராவது முதலாவதாக வைத்த கதை நான்குக்குள் வராமல் போயிருந்தால் அதையும் மேசைக்கு எடுங்கள். அதிகம் போனால் ஏழு கதை.

---

கட்டுமரம் எழுதியது:

உரிமை பற்றி ஒருவரும் தொடவில்லை. ‘கதைகளின் உரிமை நிலையத்துக்கே’ என்ற வரியைக் கண்டால் எழுதத் தெரிந்தவர்கள் அனுப்பமாட்டார்கள். உங்களுக்கு அந்த உரிமையால் ஒரு பிரயோசனமும் இல்லை. இப்படிப் போடுங்கள்: “உரிமை எழுதியவருக்கே. தெரிவாகும் கதைகளைப் போட்டித் தொகுப்பில் ஒருமுறை அச்சிடவும் அத்தொகுப்பை இணைய நூலகத்தில் ஏற்றவும் எழுதியவர் அனுமதி தருகிறார்.” பெயர்த்தாளிலேயே இதற்குக் கீழ் கையொப்பம் வாங்குங்கள். பிறகு ‘நூலகம்’ (noolaham.org) என்ற இணையத்தளத்துக்கு ஒரு மின்பிரதியும் யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்கு இரண்டு அச்சுப்பிரதியும் கொடுக்கத் தடையிருக்காது.

தொகுப்பில் மஹாகவியின் கவிதை ஒன்றிரண்டைப் போடுகிற எண்ணம் கட்டாயம் வரும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 ஆண்டுக்கு உரிமை உண்டு. அவர் 1971இல் இறந்தார், ஆகவே 2041 வரை குடும்பத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். ‘ஊர்க்காரர்தானே, என்ன சொல்லப்போகிறார்கள்’ என்று விடாதீர்கள். கேட்பது மரியாதையும்கூட. படத்துக்கும் அதேபோலக் கேளுங்கள்.

வேறெங்கும் வெளிவராத கதை என்று எழுதினால், முகநூலில் போட்டதும் வெளிவந்ததா என்று கேட்பார்கள். ஆம் என்று அறிவித்தலிலேயே சொல்லிவிடுங்கள். களவு பிடிக்க, நிரையில் முன்னிற்கிற எட்டுக் கதையிலும் வழக்கமில்லாத ஆறேழு சொல் சேர்ந்த ஒரு தொடரை எடுத்து மேற்கோள் குறிக்குள் தேடுங்கள். இணையத்தில் எழுத்தாக உள்ளதை அது காட்டும். ஆனால் பழைய மல்லிகை, சிரித்திரன் இதழ்கள் பெரும்பாலும் படமாகத்தான் ஏறியிருக்கின்றன, தேடலில் அகப்படும் என்று நிச்சயமில்லை. அவற்றை வாசித்து வளர்ந்த மூத்த வாசகர் ஒருவருக்கு அந்த எட்டையும் காட்டுங்கள். அரைப்பக்கத்தில் சொல்லிவிடுவார்.

செயற்கை நுண்ணறிவால் எழுதிய கதையைக் கண்டுபிடிக்கிற கருவிகளைத் தமிழுக்கு நம்பவேண்டாம். எழுதிய பிள்ளையைக் கள்ளன் ஆக்கிவிடும். முடிவு அறிவிக்க முன் முதல் ஐவருக்கும் தொலைபேசி எடுத்து, ‘அந்த மூன்றாவது பந்தியில் கிழவி ஏன் உலையை இறக்காமல் போனாள்’ என்கிற மாதிரி இரண்டு கேள்வி கேளுங்கள். எழுதியவர் நிறுத்தாமல் கதைப்பார்.

---

வாசிகசாலை எழுதியது:

எல்லாருக்கும் பெரிய நன்றி. நேற்று நிர்வாகக் கூட்டத்திலை வைச்சம். கருப்பொருளை எடுத்தாச்சு, தொழில் நிபந்தனை வந்திட்டுது. நிராகரிப்பு விதியிலைதான் இழுபட்டது. கடைசியிலை ‘தேரும் திங்களும்’ முழுக்க ஒருக்கா வாசிச்சுக் காட்டினம். அதுக்குப் பிறகு ஒருத்தரும் கதைக்கேல்லை, வெட்டியாச்சு.

இன்னும் மூண்டு சந்தேகம். மாணவர் பிரிவு தனிய வேணுமோ? பரிசுக்காசை எப்பிடிப் பிரிக்கிறது, 50,000 ரூபாய்க்குள்ளை? வெளிநாட்டிலை ஒருவர் முதற்பரிசை முழுக்கத் தாறன், தன்ரை தகப்பன்ரை ஞாபகார்த்தமாய்ப் பெயர் வைக்கவேணும் எண்டு கேட்கிறார்.

---

அச்சுக்கோப்பு எழுதியது:

மாணவர் பிரிவு வேணும், 18 வயசுக்கு உட்பட்டவை, 800 சொல். பள்ளிக்கூடங்களுக்கு நேரை போகாமல் வலயக் கல்விப் பணிமனைக்கு ஒரு கடிதம் குடுத்து அதுவழியாய் அனுப்பினால் அதிபர்மார் பலகையிலை ஒட்டுவினம். பரீட்சைத் திகதி பார்த்துக்கொள்ளுங்கோ. பரிசு கிடைக்காத பிள்ளைக்கும் நாலு வரிக் குறிப்பு அனுப்புங்கோ, சான்றிதழை விட அதுதான் நிக்கும்.

காசு: திறந்த பிரிவு 15,000, 10,000, 7,500. பாராட்டு ஐந்துக்கு 2,000 படி. 42,500 ஆச்சு. மிச்சம் 7,500க்கு மாணவர் மூவருக்கும் புத்தகமாய்க் குடுங்கோ. நடுவருக்குப் பயணக்காசு இதுக்குள்ளை இல்லை, அதைத் தனிய ஒதுக்கவேணும். ‘சேவையாய்ச் செய்வினம்’ எண்டு நினைக்கக்கூடாது.

புத்தகக் கணக்கு: எட்டுக் கதை, 12,000 சொல். டெமி அளவிலை பக்கத்துக்கு 230 சொல் பிடிச்சால் 52, 53 பக்கம். முகப்பு, முன்னுரை, நடுவர் உரை, மஹாகவி பற்றி நாலு பக்கம் எல்லாம் சேர்த்து 64க்குள்ளை நிப்பாட்டுங்கோ. அச்சிலை 16 பக்கம் சேர்ந்து ஓடுற தாள் ஒரு போம், நாலு போம் சரியாய் முடியும். 66 ஆனால் அந்த இரண்டு பக்கத்துக்காக இன்னொரு போம் ஓடவேணும். வாழ்த்துரைகளை முதலிலை வெட்டுங்கோ.

---

நாற்சார் எழுதியது:

ஞாபகார்த்தப் பெயர் கூடாது. ஒருவருக்குச் சம்மதித்தால் இரண்டாம் பரிசுக்கும் மூன்றாம் பரிசுக்கும் இன்னும் இரண்டு தகப்பன்மார் வருவார்கள். அறிவித்தலில் மஹாகவியின் பெயர் சின்ன எழுத்தாகி, கேடயத்தில் இல்லாமலே போய்விடும். நூலின் இரண்டாம் பக்கத்தில் ‘இப்போட்டிக்கு உதவியோர்’ என்று எல்லாரின் பெயரையும், விரும்பினால் யாருடைய நினைவாக என்பதையும் ஒரே அளவு எழுத்தில் போடுவோம் என்று மரியாதையாக எழுதுங்கள். அநேகர் சம்மதிப்பார்கள்.

பரிசளிப்பில் முதற்பரிசு பெற்றவர் தன் கதையிலிருந்து ஐந்து நிமிடம் வாசிக்கட்டும், பிரதம விருந்தினர் பேச முதல். பிறகு வைத்தால் நேரமில்லை என்று வெட்டப்படும்.

---

அச்சுக்கோப்பு எழுதியது:

ஒண்டு விட்டுப்போச்சு. பதாகை அடிக்கக் குடுக்கேக்கை, அச்சிட முந்தித் தாற ஒப்பைக் கட்டாயம் பாருங்கோ. மஹாகவி தன்ரை பெயரை ‘ஹ’ போட்டுத்தான் எழுதினவர். அடிக்கிற பெடியன் அவசரத்திலை ‘மகாகவி’ எண்டு போட்டிடுவான், பன்னிரண்டு அடிப் பதாகையிலை பிறகு ஒட்டுப்போட ஏலாது.